அரக்கன் தனியனா?

கரியமாணிக்கத்துத் தோழர் ஒருவர் நமக்கொரு மடல் தீட்டியிருக்கிறார். சிறிய மடல்தான், நம் உறக்கத்தைக் கெடுத்துவிட்டது.

அவ்வூரில் ஒரு பெண். பள்ளி இறுதித் தேர்விலே நல்ல மதிப்பெண் பெற்றவள். அரசுப் பணித் தேர்வெழுத வேண்டும் என்னும் ஆவலால், நெட்டப்பாக்கத்தில் நடக்கும் மாலை வகுப்புக்கு மிதிவண்டியிலே சென்று வந்தவள். வழியிலே கரும்புத் தோட்டம். திரும்பும் வேளையில் இருட்டிவிடும். ஒரு ஞாயிறன்று வீட்டார் அனைவரும் கூடியமர்ந்து தொலைக்காட்சியில் 'ராட்சசன்' பார்த்தனராம். பள்ளிச் சிறுமியரைப் பின்தொடர்ந்து, கடத்தி, வதைத்துக் கொல்லும் கொடியவனின் கதை. 2018-இல் வந்த படம். மறுநாள் காலை தந்தை சொன்னார்: "இனி வகுப்புக்குப் போக வேணாம் கண்ணு, காலம் கெட்டுக் கெடக்குது." வகுப்பு நின்றது. மிதிவண்டி தாழ்வாரத்திலே சாய்ந்து கிடக்கிறது. "படம் எடுத்தவர்மீது சினங்கொள்வதா, தந்தைமீது சினங்கொள்வதா?" என்று தோழர் கேட்கிறார்.

தந்தைமீது சினங்கொள்ள நமக்கு மனமில்லை. பெற்ற மகளைப் பறிகொடுக்க எவர்தான் துணிவர்! அவர் அஞ்சியது குற்றமன்று. எதற்கு அஞ்ச வேண்டும் என்று அவருக்குப் பாடம் நடத்திய ஆசானைத்தான் நாம் கூண்டிலேற்ற வேண்டும். அந்த ஆசான், வெள்ளித்திரை.

"அப்படியானால் இப்படங்களைத் தடை செய்யச் சொல்கிறீர்களா?" என்று கலைக்காவலர் சிலர் இப்பொழுதே கச்சை கட்டுவர். வேண்டாம் அந்தக் கவலை! தடையின் சுவை நமக்குத் தெரியும். புலவர் குழந்தையின் 'இராவண காவியம்' 1946-இல் வெளிவந்து, 1948-இல் தடைக்குள்ளாகி, அந்தத் தடை அகல 1971 வரை காத்திருந்தவர்கள் நாம். கத்தரிக்கோலுக்கு நாமா மாலை சூட்டுவோம்? கொலைப்படம் பார்த்தவரெல்லாம் கொலைகாரராகிவிடுவர் என்று கூறும் ஒழுக்கப் பிரசங்கிகளின் கூட்டத்திலும் நாம் இல்லை. ஆட்டோ சங்கர் அப்படித்தான் சொன்னான். ஆறு கொலைகளுக்காகத் தண்டிக்கப்பட்டு, 1995-இல் சேலம் சிறையிலே தூக்கிலிடப்பட்ட அவன், தன்னைக் கெடுத்தது சினிமா என்று பழி போட்டான். நல்ல வசதியான பழி! கள்ளச்சாராயமும் விபசாரமுமாகச் சென்னையிலே அவன் கொழித்த நாள்களில், கண்ணை மூடிக்கொண்டிருந்தவை எந்தத் திரைப்படத்தின் கண்கள்?

இந்த வழக்கிலே ஒரு செய்தி. இளைஞர்கள் மறக்காமல் மனத்திற் கொள்ள வேண்டியது. சிறையிலிருந்து அவன் எழுதிய தன்வரலாற்றை நக்கீரன் ஏடு வெளியிட முனைந்தது. வெளியிடலாகாது என்று சிறைத்துறையிலிருந்து மடல் பறந்தது. உயர் அதிகாரிகள் பலரோடு அவனுக்கிருந்த நெருக்கம் அதிலே அம்பலமாகிறது, அதனால்தான் இந்தப் பதற்றம் என்றது ஏட்டின் தரப்பு. அச்சேறுமுன்பே தடுக்க அரசுக்கோ அதிகாரிக்கோ உரிமை இல்லை என்று 1994-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பத்திரிகை உரிமைக்குத் தூணாக அத்தீர்ப்பு இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. கொலைகாரன் கொலையைப்பற்றி எழுதினால் எவருக்கும் நடுக்கமில்லை. கூட்டாளிகளைப்பற்றி எழுதினால்தான் நாற்காலிகள் நடுங்குகின்றன!

இதை மனத்திலிருத்திக்கொண்டு திரைக்கு வாருங்கள். அங்கே உலவும் கொலைகாரனுக்குக் கூட்டாளியே கிடையாது. தனியன். இருளிலே பிறந்து இருளிலே வாழ்பவன். சாதி இல்லை, சங்கம் இல்லை, பரிந்துரைக்க ஆளில்லை, காவல் நிலையத்திலே அவனுக்கு நாற்காலி போடுவார் இல்லை. உலகம் முழுதும் நல்லது. அவன் ஒருவனே தீயவன். அவன் வீழ்ந்தால் ஊர் பழையபடி உறங்கலாம். எத்தனை இனிமையான பொய்!

1978-ஆம் ஆண்டு அமெரிக்காவிலே ஜான் கார்பென்டரின் 'ஹாலோவீன்' வந்தது. முகமூடியணிந்த ஒருவன் இளம்பெண்களைப் பின்தொடர்ந்து கொல்கிறான். அதே ஆண்டிலே இங்கே பாரதிராசாவின் 'சிகப்பு ரோஜாக்கள்'. செல்வச் சீமான் ஒருவன் பெண்களை மயக்கி அழைத்துவந்து கொன்று, தோட்டத்திலே புதைக்கிறான். மேலே ரோசாச் செடி. அந்த இயக்குநரின் ஆற்றலை நாம் மறுக்கவில்லை. ஏன் கொல்கிறான் என்பதற்கு அப்படம் கூறும் காரணத்தைத்தான் கேட்கிறோம். சிறுவயதிலே ஒருத்தி அவனைக் கெடுத்துப் பழியையும் அவன்மேல் சுமத்தினாளாம். அவனை வளர்த்தவருக்கோ மனைவி துரோகம் செய்தாளாம். ஆகவே கத்தி எடுத்தவன் ஆண், எடுக்க வைத்தவள் பெண்! மனுவின் ஏட்டிலே இருந்த தீர்ப்பு, வண்ணப்படச் சுருளிலே ஏறி வந்துவிட்டது. 2004-இல் வந்த 'மன்மதன்' இன்னும் ஒரு படி மேலேறியது. காதலனை ஏய்க்கும் பெண்களைத் தேடித் தேடிக் கொல்பவன் அதிலே வில்லனும் அல்லன், கதாநாயகன். கைதட்டுவதற்கென்றே கொலை.

மேலைநாட்டுப் படங்களை ஆராய்ந்த கரோல் குளோவர் என்னும் அமெரிக்கப் பேராசிரியர், இத்தகைய கதைகளில் கடைசியில் உயிர்தப்பும் ஒருத்திக்கு 'இறுதிப் பெண்' என்று பெயரிட்டார். பெரும்பாலும் அவள் காதல் களியாட்டங்களில் கலவாதவள். களித்தவள் முதலிலே சாகிறாள். கட்டுப்பெட்டி கடைசிவரை வாழ்கிறாள். கற்புக்கு நம் நாட்டிலே தீக்குளிக்கச் செய்தார்கள்; அங்கே கத்திமுனையிலே தேர்வு வைக்கிறார்கள். வேறென்ன வேற்றுமை?

பேய்ப் படங்களைப்பற்றி அதிகம் கூறத் தேவையில்லை. எலுமிச்சம்பழமும் வேப்பிலையும் நாம் பல்லாண்டு பேசித் தீர்த்த பொருள்கள். ஒன்றுமட்டும்: 2005-இல் 'சந்திரமுகி' வந்தபோது, பேயன்று, மனநோய் என்று ஒரு மருத்துவர் சொல்லக் கேட்டு மகிழ்ந்தோம். முடிவிலே அந்த மருத்துவரும் மந்திரவாதியோடு கைகோத்துக்கொண்டுதான் நோயைத் தீர்த்தார். நம் மகிழ்ச்சி இடைவேளையைத் தாண்டிச் சிறிது தூரம்தான் நடந்தது.

கரியமாணிக்கத்து வீட்டைக் கலக்கிய படத்துக்கு வருவோம். 'ராட்சசன்' என்று பெயர். யார் அந்த ராட்சசன்? இளமையிலேயே முதுமை பற்றும் நோயால் உருக்குலைந்தவன்; பள்ளியிலே ஏளனத்துக்கு ஆளானவன். யாரை அரக்கன் என்கிறீர்கள், ஏன் என்கிறீர்கள் என்று 'இராவண காவியம்' கேட்டதே, அதே கேள்வியை இங்கும் கேட்கிறோம். அன்று கருநிறமும் கோரைப்பல்லும் கொடுத்துப் பகைவனை அரக்கனாக்கினார்கள். இன்று நோயும் ஊனமும் கொடுத்து ஆக்குகிறார்கள். உடல் கோணியவன் உள்ளமும் கோணியிருக்கும் என்பது புராணக்காரனின் பழைய இலக்கணம். அந்நோயால் வாடும் ஒரு பிள்ளை இப்படத்தைப் பார்க்க நேர்ந்தால் என்ன எண்ணும் என்று எவரும் எண்ணவில்லை.

ஆயினும் அப்படத்திலே ஓர் உண்மை எட்டிப் பார்க்கிறது. மாணவியரிடம் தகாதன புரியும் ஓர் ஆசிரியன் வருகிறான். நல்ல உடை, மதிப்பான பதவி, கையிலே பிரம்பு. அஞ்சி வாய்மூடும் சிறுமியர். நமக்கு உண்மையிலே குலை நடுங்கியது அந்தக் காட்சியிலேதான். அவன் முகமூடி அணியவில்லை, பகலிலே வருகிறான், வணக்கம் பெறுகிறான். ஆனால் கதைக்கு அவன் போதவில்லை. இவன் அந்தக் கொலைகாரன் அல்லன் என்று தெரிந்ததும் அவனை வழியிலே உதறிவிட்டு, கதை தனக்கு வேண்டிய அரக்கனைத் தேடி ஓடுகிறது. படத்தின் பெயர் அந்த ஆசிரியனுக்கன்றோ பொருந்தும்!

நாட்டிலே நடப்பது என்ன? 2023-ஆம் ஆண்டில் உலகெங்கும் கொலையுண்ட பெண்களும் சிறுமியரும் ஏறத்தாழ 85,000 பேர் என்றும், அவர்களில் ஏறத்தாழ 51,100 பேரைக் கொன்றவர் கணவரோ, காதலரோ, குடும்பத்தாரோதான் என்றும் ஐக்கிய நாடுகள் அவை கணக்கிட்டது. நாளொன்றுக்கு 140 உயிர். கரும்புத் தோட்டத்துக் கொலைகாரனுக்கு அஞ்சிக் கதவைத் தாழிடுகிறோம். தாழிட்ட கதவுக்கு உள்ளே நடப்பவை இவை. 2024 மார்ச்சிலே புதுச்சேரி முத்தியால்பேட்டையில் 9 வயதுக் குழந்தை ஒன்று காணாமற்போய், கால்வாயிலே பிணமாகக் கிடைத்தது. கைதானவர்கள் அதே பகுதியிலே வாழ்ந்தவர்கள். அவர்களை அந்தத் தெரு நாள்தோறும் பார்த்திருக்கும்.

கரியமாணிக்கத்திலிருந்து தெற்கே எல்லை தாண்டினால் கடலூர் மாவட்டம். அம்மாவட்டத்தில் விருத்தாசலத்தை அடுத்த புதுக்கூரைப்பேட்டையில், 2003 ஜூலை 8-ஆம் நாள், கண்ணகி, முருகேசன் என்னும் இருவர் கொல்லப்பட்டனர். அவன் ஒடுக்கப்பட்ட வகுப்பில் பிறந்த பொறியியல் பட்டதாரி; அவள் வேறு சாதி; பதிவுத் திருமணம் செய்துகொண்டவர்கள். இருவரையும் தேடிப் பிடித்து இழுத்துவந்து, நஞ்சு புகட்டிக் கொன்று எரித்தனர். இருளிலா? இல்லை. முகமூடி அணிந்தா? இல்லை. ஊரறிய! எந்தக் கொலைப்படத்தில் உண்டு இத்தகைய வேட்டை? 18 ஆண்டுகள் கழித்து, 2021-இல், கடலூர் நீதிமன்றம் 13 பேரைக் குற்றவாளிகள் என்றது. அவர்களுள் பெண்ணின் தந்தையும் அண்ணனும் உண்டு. காவல்துறையைச் சேர்ந்த இருவரும் உண்டு. இவ்வரக்கனுக்கு எத்தனை தலை, எத்தனை கை என்று எண்ணிப் பாருங்கள்!

தனியன் ஒருவன் வருகிறான் என்று அஞ்சிய கூட்டம் என்ன செய்யும் என்பதையும் கண்டோம். 2018 மே மாதம், பிள்ளை பிடிப்பவர் வந்திருக்கிறார்கள் என்று கைப்பேசிகளிலே வதந்தி பறந்தது. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்கு வழிகேட்டு வந்த 65 வயது மூதாட்டி, குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். அந்தக் குற்றத்துக்காக அடித்தே கொன்றார்கள்! கைகளிலே கட்டையோடு நின்ற ஒவ்வொருவரும், தம்மைக் கதையின் நாயகராகவே கருதியிருப்பர்.

திரையிலே அச்சமே கூடாது என்பதா நம் வாதம்? அன்று. 1952-இல் வந்த 'பராசக்தி'யும் துரத்தப்படும் ஒரு பெண்ணின் கதைதான். கணவனை இழந்து கைக்குழந்தையோடு தெருவுக்கு வந்த கல்யாணியைத் துரத்தியவர் எவரெவர்? தெருவிலே காலி, மாளிகையிலே கள்ளச்சந்தைச் சீமான், கோயிலுக்குள்ளே பூசாரி. ஒவ்வொருவருக்கும் தொழில் உண்டு, முகவரி உண்டு, மரியாதை உண்டு. 1949-இன் 'வேலைக்காரி'யிலே உயிர் குடித்தவன் ஜமீன்தாரன். கத்தியால் அன்று, கடனால். பார்த்தவன் வீடு திரும்பியபோது மகளைப் பூட்டி வைக்க வேண்டும் என்று எண்ணவில்லை. பூசாரியையும் ஜமீனையும் கேள்வி கேட்க வேண்டும் என்று எண்ணினான். பிரசாரப் படங்கள் என்று அவற்றை எள்ளினார்கள். ஆம், பிரசாரம்தான்! பெண்ணைக் கொல்வதற்கு அவளே காரணம் என்பது மட்டும் பிரசாரம் இல்லையோ?

கரியமாணிக்கத்துத் தோழருக்கு இவ்வளவையும் எழுதிவிட்டு, ஒரு வினாவும் எழுதினோம்: அந்தச் சாலையிலே விளக்கு எரிகிறதா? நேற்று விடை வந்தது. எரியாத கம்பங்கள் ஏழு. இளைஞர்கள் சென்று எண்ணிவிட்டு வந்து, உரிய அலுவலகத்திலே மனு கொடுத்திருக்கிறார்கள். பெண்ணின் தந்தையும் உடன் சென்று கையெழுத்திட்டாராம். வரும் ஞாயிறு தெருமுனையிலே 'பராசக்தி' காட்டப்போகிறார்கள். அவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். மிதிவண்டிக்குக் காற்றடித்தாகிவிட்டதா என்று கேட்டு மறுமடல் போட்டிருக்கிறோம்.