விளையாட்டு மாணவனுக்கா, மாணவன் விளையாட்டுக்கா?

பாடசாலை அணி வெற்றிக் கிண்ணத்தோடு திரும்பினால் ஊரே மகிழ்கிறது. பிள்ளைகளைத் தோளில் சுமந்து ஊர்வலம் வருகிறோம். அதில் தவறில்லை. ஆனால் அந்தக் கிண்ணத்துக்காக எதையெல்லாம் விலையாகக் கொடுக்கலாம் என்று கேட்பவர்கள் எம்மிடையே குறைவு. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் இக்கேள்விக்குப் பலமுறை முகங்கொடுத்துள்ளன. அவை கண்ட அனுபவம் பெற்றோரும் ஆசிரியரும் அறிந்திருக்க வேண்டியதொன்றாகும்.

1869ஆம் ஆண்டு நவம்பர் 6ஆம் திகதி றட்கர்ஸ், பிரின்ஸ்டன் ஆகிய இரு கல்லூரிகளின் மாணவர்கள் ஒரு மைதானத்தில் சந்தித்தனர். பக்கத்துக்கு 25 பேர். றட்கர்ஸ் 6 - 4 என வென்றது. அன்று ஆடப்பட்டது ஏறக்குறைய நாம் ஆடும் உதைபந்தாட்டமே. காலப்போக்கில் அது றக்பியின் சாயலைப் பெற்று, பந்தைக் கையில் ஏந்தி எதிரணியை மோதி முன்னேறும் ஆட்டமாக மாறியது. மாணவர்கள் பொழுதுபோக்காகத் தொடங்கியது, கல்லூரிகளின் மானப்பிரச்சினையாக வளர்ந்தது.

விளைவு பயங்கரமானது. வீரர்கள் கைகோத்துக் கூட்டமாகப் பாய்வார்கள். தலைக்கவசம் அணிவதும் கட்டாயமில்லை. 1905ஆம் ஆண்டுப் பருவத்தில் மட்டும் 18 பேர் உயிரிழந்ததாகச் சிக்காகோப் பத்திரிகையொன்று கணக்கிட்டது. அவர்களுள் பெரும்பாலானோர் பாடசாலை மாணவர்கள். பெரிய கல்லூரிகளைப் பார்த்து ஆடிய இளம் பிள்ளைகள்!

அப்போதைய ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் இவ்விளையாட்டை விரும்பியவர். அவரது மகனும் ஹாவார்ட்டின் புதுமுக மாணவர் அணியில் ஆடி, அதே ஆண்டு மூக்குடைபட்டவர். ஹாவார்ட், யேல், பிரின்ஸ்டன் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்து ஆட்டத்தைச் சீர்செய்யுமாறு அவர் வற்புறுத்தினார். கொலம்பியா ஆட்டத்தையே நிறுத்தியது. 1906இல் விதிகள் மாறின. பந்தை முன்னோக்கி எறிய அனுமதி கிடைத்தது. இரு அணிகளுக்குமிடையே இடைவெளி விடப்பட்டது. எனினும் 1909இல் மரணங்கள் மீண்டும் அதிகரிக்கவே, அடுத்த ஆண்டு விதிகள் மேலும் இறுக்கப்பட்டன.

உயிராபத்து குறைந்தது. ஆனால் வேறொரு நோய் எஞ்சியிருந்தது. படிப்பு பின்தள்ளப்பட்டு, அணியின் வெற்றியே கல்லூரியின் பெருமையாயிற்று. அந்த நோய்க்குத் துணிந்து மருந்திட்டது சிக்காகோப் பல்கலைக்கழகம்.

அது சாதாரண அணியன்று. அமோஸ் அலொன்சோ ஸ்டாக் என்ற புகழ்பெற்ற பயிற்றுவிப்பாளர் 1892 முதல் 40 ஆண்டுகள் அங்கு பணியாற்றினார். நாட்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருதை 1935இல் முதன்முதலாகப் பெற்றவரும் சிக்காகோ மாணவரே. ஆனால் அங்கு தலைவராயிருந்த றொபர்ட் ஹட்சின்ஸ், பல்கலைக்கழகம் அறிவுக்கே உரிய இடமென்பதில் உறுதியாயிருந்தார். 1939இல் மிச்சிகனிடம் 85 - 0 எனத் தோற்ற அதே பருவத்தின் முடிவில், பல்கலைக்கழகம் தனது அணியையே கலைத்துவிட்டது.

அதனால் அப்பல்கலைக்கழகம் அழிந்துபோகவில்லை. வெறுமையான அந்த விளையாட்டரங்கின் மேற்குப் பார்வையாளர் மேடைக்குக் கீழேதான், 1942 டிசம்பர் 2ஆம் திகதி என்றிகோ ஃபேர்மியின் குழுவினர் மனிதர் உருவாக்கிய முதலாவது தொடர் அணுக்கரு வினையை நிகழ்த்தினர். அந்த அறிவு பின்னர் அணுகுண்டுக்கும் வழிவகுத்தது என்பது வேறு வேதனை.

கதை அத்துடன் முடியவில்லை. 1969இல் சிக்காகோவுக்குக் கால்பந்தாட்டம் திரும்பி வந்தது. இன்றும் அங்கு ஆடுகிறார்கள். ஆனால் விளையாட்டுக்கென்று புலமைப்பரிசில் கொடுப்பதில்லை. மறுபுறம், மிச்சிகன் அரங்கில் ஒரு இலட்சத்துக்கும் அதிகமானோர் அமர்ந்து பார்க்கிறார்கள். 2021 முதல் கல்லூரி வீரர்கள் தமது பெயரையும் உருவத்தையும் விளம்பரத்துக்கு வழங்கிப் பணம் பெறவும் அனுமதியுண்டு.

சிக்காகோ விளையாட்டை வெறுக்கவில்லை. அதற்குரிய இடத்தில் வைத்தது. நாமும் பிள்ளைகளை மைதானத்திலிருந்து இழுத்து வர வேண்டியதில்லை. ஓடியாடாத பிள்ளை நோயாளியாகிவிடும். ஆனால் சாதாரண தரப் பரீட்சைக்கு முந்திய மாதங்களிலும் மாலை முழுக்கப் பயிற்சி என்றால், காயம் ஆறாத காலுடன் மகனை இறக்குகிறார்கள் என்றால், கேட்பது பெற்றோரின் கடமை. "கிண்ணம் கல்லூரியின் அலுமாரிக்குப் போகும். என் பிள்ளைக்கு எஞ்சப்போவது என்ன?"