பாதங்களைப் பார்க்கும் கண்கள்

முகத்தை நாளொன்றுக்குப் பலமுறை கண்ணாடியில் பார்த்துக்கொள்கிறோம். தலையில் ஒரு முடி நரைத்தாலும் உடனே கண்டுகொள்கிறோம். ஆனால் உள்ளங்காலைக் கடைசியாகப் பார்த்தது எப்போது என்று கேட்டால், நம்மில் பலருக்கு விடை தெரியாது. உடலிலுள்ள 206 எலும்புகளுள் 52 எலும்புகள் இரு பாதங்களில் மட்டும் அமைந்துள்ளன. வயலிலும் கடையிலும் அடுக்களையிலும் நாள் முழுவதும் நம்மைத் தாங்கும் அப்பாதங்கள், வலிக்கும் வரையில் நம் நினைவிற்கு வருவதேயில்லை. பெரிய வியாழனன்று பன்னிருவரின் பாதங்களைக் கழுவும்போது, வெடித்த குதிகால்களையும் விரலிடுக்குப் புண்களையும் தடித்துப்போன ஆணிகளையும் ஆண்டுதோறும் காண்கிறோம். இவற்றுள் பெரும்பாலானவை வீட்டிலேயே தடுக்கக்கூடியவை.

பித்தவெடிப்பு என்று பெயர் வழங்கினாலும், அதற்குக் காரணம் பெரும்பாலும் பித்தமன்று. வறண்ட தோல், வெறுங்கால் நடை, நெடுநேரம் நிற்கும் வேலை, உடற்பருமன் ஆகியவையே குதிகாலைப் பிளக்கின்றன. இரவில் பத்து நிமிடம் வெதுவெதுப்பான நீரில் காலை வைத்திருந்து, தடித்த தோலை மெல்லத் தேய்த்துக் கழுவி, ஈரம் துடைத்து, தேங்காயெண்ணெயோ வாசலினோ தடவிப் பருத்திக் காலுறை அணிந்து உறங்கினால், சில வாரங்களில் குணம் தெரியும்.

சேற்றுப்புண் பூஞ்சையால் வருவது. விரலிடுக்கில் ஈரம் தங்குமிடத்தில் அது செழிக்கும். நாற்று நடும் பெண்களுக்கும், ஓயாது நீரில் நின்று துவைப்போருக்கும் அது வருவதில் வியப்பில்லை. காலைக் கழுவுவது மட்டும் போதாது. ஒவ்வொரு விரலிடுக்கையும் உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். மருத்துவர் தரும் களிம்பை, அரிப்பு நின்றவுடன் நிறுத்திவிடாமல் அவர் சொன்ன நாள்வரை தடவ வேண்டும். யானைக்கால் வீக்கம் உடையோர் இதில் இருமடங்கு விழிப்பாயிருத்தல் நன்று. அச்சிறு வெடிப்பின் வழியாகவே கிருமிகள் நுழைந்து, காய்ச்சலையும் வீக்கத்தையும் மேலும் மேலும் உண்டாக்குகின்றன.

கால் ஆணி என்பது உள்ளே வேர்விட்ட ஆணியன்று. பொருந்தாத செருப்பு ஓரிடத்திலேயே அழுத்துவதால் தடித்த தோலே அது. அதனைச் சவர அலகால் அறுப்பது பலர் வழக்கம். அழுத்தம் நீங்காதவரை அது மீண்டும் வளரும். அறுத்த இடம் புண்ணாவதே மிச்சம். செருப்பை மாற்றுவதே முதல் மருந்து. மாலையில் கால் சற்று வீங்கியிருக்கும். ஆதலின் செருப்பு வாங்க மாலை நேரமே ஏற்றது. நகத்தை நேராக வெட்டுக. ஓரங்களை ஆழமாக வளைத்து வெட்டினால் நகம் சதைக்குள் வளர்ந்து சீழ் பிடிக்கும்.

இவையாவும் தொல்லைகளே எனினும், இவற்றில் ஒரு நன்மை உண்டு. இவை வலிக்கும், வலித்தால் கவனிப்போம். வலி என்பது உடலின் வாயிற்காவலன். அக்காவலன் உறங்கிவிட்ட பாதமே உண்மையில் அஞ்சத்தக்கது.

இவ்வுண்மையை உலகிற்கு விளக்கியவர்களுள் ஒருவர் மருத்துவர் பால் பிராண்டு. 1914-இல் நம் கொல்லிமலையில் பிறந்து, 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குப் பணியாற்ற வந்தவர். தொழுநோயாளரின் விரல்கள் நோயினால் தாமாகவே அழுகி உதிர்கின்றன என்று அக்காலத்தில் பலரும் எண்ணினர். அவரோ வேறொன்றைக் கண்டார். நோய் நரம்புகளைக் கெடுத்து உணர்ச்சியைப் போக்குகிறது. உணர்ச்சியற்ற காலில் முள் தைத்தாலும் நோயாளி அறியாமல் நடக்கிறார். அந்நடையே புண்ணை ஆழமாக்குகிறது. இதனால் வேலூரிலும் அருகிலுள்ள கரிகிரியிலும் நோயாளருக்கென மெத்தென்ற ரப்பர் செருப்புகள் செய்யப்பட்டன. எம்.சி.ஆர். செருப்பு என்று இன்று நீரிழிவு நோயாளருக்கு மருத்துவர்கள் பரிந்துரைப்பது அவ்வகைச் செருப்பே.

ஆம், தொழுநோயாளர் பாதத்தில் கற்ற பாடம் இன்று நம் இல்லங்களுக்குத் தேவைப்படுகிறது. நீரிழிவு பல்லாண்டுகள் நீடித்தால் கால் நரம்புகள் மரத்துப்போகின்றன. இரத்த ஓட்டமும் குறைகிறது. பீடி, சிகரெட்டுப் பழக்கமும் சேர்ந்தால் நிலை இன்னும் மோசமாகும். நமக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர், செருப்பின் அடியைத் துளைத்து ஏறிய சிறு ஆணியோடு ஒரு நாள் முழுவதும் நடந்தார். திண்ணையில் இரத்தக் கறையைக் கண்டு கேட்டவன் அவர் பேரன். “வலிக்கவில்லையே” என்று அவர் பத்து நாள் வாளாவிருந்தார். இறுதியில் கால்விரல் இரண்டை எடுக்க வேண்டியதாயிற்று. வலியில்லை என்பது நற்செய்தியன்று; அதுவே எச்சரிக்கை.

நீரிழிவு உடையோர் கடைப்பிடிக்க வேண்டியவை சிலவே. வீட்டிற்குள்ளும் வெறுங்காலுடன் நடவாதீர்கள். செருப்பை அணியுமுன் அதனுள் கைவிட்டுப் பாருங்கள். குளிக்கும் நீரின் சூட்டை முழங்கையால் அறியுங்கள். காலால் அறிய முயலாதீர்கள். சுடுநீர்ப் பையை ஒத்தடமாக வைக்காதீர்கள். காலை நெடுநேரம் நீரில் ஊறவிடாதீர்கள். எண்ணெய் தடவலாம், விரலிடுக்கில் மட்டும் வேண்டா. ஆணியை நீக்கும் மருந்துகளைக் கடையில் வாங்கி ஒட்டாதீர்கள். ஆண்டிற்கு ஒருமுறையேனும் மருத்துவரிடம் கால் உணர்ச்சியைச் சோதித்துக்கொள்ளுங்கள். புண், சீழ், நாற்றம், கருநிறம் கண்டாலும், புண்ணே இல்லாமல் ஒரு பாதம் மட்டும் சிவந்து சூடாகி வீங்கினாலும், அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

இங்கே குருவானவர் என்ற முறையில் ஒரு சொல். ஆகஸ்டு இறுதியில் வேளாங்கண்ணி நோக்கி நடந்து செல்லும் கூட்டத்தை அறிவோம். சென்னையிலிருந்து 300 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வழி, கொதிக்கும் தார்ச்சாலை. உடல்நலமுள்ளோர், பழகிய செருப்பும் காலுறையும் அணிந்து, எழும் கொப்புளத்தை உடைக்காமல் தூய துணியால் மூடி, அந்நடையை மகிழ்வுடன் முடிக்கலாம். ஆனால் நீரிழிவால் கால் மரத்தவர் “வெறுங்காலோடு வருகிறேன் என்று நேர்ந்துகொண்டேனே” எனத் தவித்துப் புறப்படுவது தகாது. நேர்ச்சையை முறித்தால் பாவமாகுமோ என்ற அச்சமே அவர்களை உந்துகிறது.

அவ்வச்சத்திற்கு இடமில்லை. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 1196-ஆம் சட்டப்படி, தக்க காரணம் இருந்து, பிறர் உரிமைக்கு ஊறு நேராதெனில், பங்குக்குரு தம் மக்களைத் தனிப்பட்ட நேர்ச்சையிலிருந்து விடுவிக்கலாம். 1197-ஆம் சட்டமோ, அதற்கு ஈடான அல்லது அதனினும் மேலான நற்செயலாக நேர்ந்தவரே அதனை மாற்றிக்கொள்ள இடமளிக்கிறது. ஆகவே உங்கள் பங்குக்குருவிடம் தயங்காது சொல்லுங்கள். பேருந்தில் சென்று, நடைக்கு ஈடாக ஓர் ஏழை நோயாளிக்கு நல்ல செருப்பு வாங்கித் தந்தால், அந்நேர்ச்சை எவ்விதத்திலும் குறைவுபடாது.

முதியோர் பலருக்குக் குனிந்து தம் உள்ளங்காலைப் பார்க்க இயலாது. பார்த்தாலும் கண் தெளிவாயிராது. கண்ணாடி ஒன்றைத் தரையில் வைத்துப் பார்க்கலாம். அதனினும் சிறந்தது வீட்டிலுள்ளோரின் கண். இரவுச் செபமாலை முடிந்ததும் விளக்கை அருகில் வைத்து, தாத்தாவின் காலையும் பாட்டியின் காலையும் பேரப்பிள்ளைகள் எடுத்துப் பார்க்கட்டும்: குதிகால், உள்ளங்கால், ஒவ்வொரு விரலிடுக்கு. இரண்டு நிமிடம் போதும். “எதற்கடா இதெல்லாம்” என்று அவர்கள் காலை இழுத்துக்கொள்வார்கள், விடாதீர்கள். வலி சொல்லாததை உங்கள் கண்கள்தாம் சொல்ல வேண்டும்.