மட்கார்டு ஓட்டுபவருக்கு மட்டுமல்ல

பழைய புல்லட்டின் பின் மட்கார்டைக் கழற்றி எறிந்துவிட்டு, டயர் தெரிகிற மாதிரி குட்டையாக ஒன்றை மாட்டுவதற்கு ‘கஸ்டம்’ என்று பெயர். திருவொற்றியூர் ஆலையில் அந்த நீளத் தகட்டை அழகுக்காகவா வைத்தார்கள்? மழை நாளில் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் பக்கம் வந்து நில்லுங்க, சேறு யார் சட்டையில் தெறிக்கிறதென்று தெரியும். பின்சீட்டில் இருப்பவரின் உடை சிக்காமலிருக்க, பின்சக்கரத்தில் பாதியாவது மறைந்திருக்க வேண்டும் என்கிறது 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123-வது விதி. நம்மாட்கள் முதலில் கழற்றுவதே அந்தச் சேலை கார்டைத்தான்!

புதுசாக மாட்டித்தான் ஆகணுமா? மாட்டுங்க. ஆனால் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி இடைவெளியை அளக்காதீங்க. அங்கே சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும். இரண்டு பேர் உட்கார்ந்து வேகத்தடையில் இறங்கினால் ஷாக் அமுங்கும், டயர் மேலே ஏறும், போல்ட் தலையில் உரசும். பின்னால் இருப்பது அம்மாவாகவும் இருக்கலாம்.