வீட்டைக் கட்டிப் பார்த்தது போதும்

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்ற பழமொழியை நம்மில் பலர் தவறாகவே படித்து வைத்திருக்கிறோம். அது ஆசி அன்று, எச்சரிக்கை. பட்டவர் ஒருவர் பெருமூச்சுடன் சொன்னது. இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்த தமிழர்களோ அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டு, எப்போதோ கட்டி முடிந்த வீடுகளை வாரந்தோறும் மீண்டும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

நான் இருப்பது மான்செஸ்டருக்குத் தெற்கே, ஸ்டாக்போர்ட்டில். இங்கே நம்மவர் கூடும் எந்த விருந்திலும் அரைமணி நேரத்துக்குள் பேச்சு சுவரை இடிப்பதில் வந்து நிற்கும். சமையலறைக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவிலுள்ள சுவர் எவர் வீட்டிலும் உயிர் தப்பியதில்லை. அடுத்து கூரையடிப் பரண் படுக்கையறையாகும்; அதில் படுக்க ஆள் இருக்கிறார்களா என்பது வேறு விஷயம். கிரானைட்டா குவார்ட்ஸா என்ற விவாதத்தை, ஒரு காலத்தில் மௌனியா புதுமைப்பித்தனா என்று மோதிக்கொண்ட அதே நண்பர்கள் அதே உக்கிரத்துடன் நடத்துகிறார்கள்.

பிறரை மட்டும் சொல்வது நியாயமில்லை. 2011 கோடையில் என் தந்தை ஆறு மாத விசாவில் வந்திருந்தார். அந்தக் கோடையில்தான் நாங்கள் சமையலறையைப் பெயர்த்துப் போட்டிருந்தோம். அவர் குளியலறைத் தொட்டியில் பாத்திரம் கழுவினார். பிளாஸ்டர் தூசிக்குத் துண்டால் மூக்கை மூடிக்கொண்டு மாடி ஜன்னலருகே உட்கார்ந்திருந்தார். அங்கிருந்து கிழக்கே பீக் மாவட்டத்து மலைகளின் கருநீலக் கோடு தெரியும். "அது என்ன மலைப்பா?" என்று கேட்டார். வேலை முடிந்ததும் போகலாம் என்றேன். வேலை அக்டோபரில் முடிந்தது. அவர் செப்டம்பரில் ஊர் திரும்பிவிட்டார். மறுபடி வரவில்லை, வர இயலாமலும் போயிற்று. புதிய சமையலறை அழகாகத்தான் இருந்தது.

அந்த மலைகளில் ஒன்று கிண்டர் ஸ்கவுட். உயரம் 636 மீட்டர், நம் கொடைக்கானல்காரர்கள் சிரிப்பார்கள். ஆனால் அதன்மேல் கால்வைக்க ஒரு போராட்டம் தேவைப்பட்டது. 1932 ஏப்ரல் 24 அன்று, மான்செஸ்டரிலிருந்தும் ஷெஃபீல்டிலிருந்தும் வந்த நூற்றுக்கணக்கான இளம் தொழிலாளர்கள், பிரபுக்களின் கிரவுஸ் வேட்டைக்கென அடைத்து வைக்கப்பட்டிருந்த அந்த மேட்டில் அத்துமீறி ஏறினார்கள். முன்னின்ற பென்னி ராத்மனுக்கு அப்போது 20 வயது. அத்துமீறி நடப்பது அன்றைய சட்டப்படி சிறைக்குரிய குற்றமே அல்ல. ஆகவே காவலாட்களோடு நடந்த கைகலப்பைக் காரணமாக்கி ஐந்து பேரைச் சிறைக்கு அனுப்பினார்கள். ராத்மனுக்கு நான்கு மாதம். 1949-இல் தேசியப் பூங்காச் சட்டம் வந்தது. 1951-இல் பீக் மாவட்டமே முதல் தேசியப் பூங்கா ஆயிற்று. 2002-இல், நிலவுடைமைக் குடும்பத்தின் வாரிசான டெவன்ஷயர் பிரபு, தன் பாட்டனார் செய்ததற்காகப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்.

வாரம் முழுவதும் ஆலையில் நின்றவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்காகச் சிறை சென்றார்கள். அதே ஊரில் வந்து குடியேறிய நாம் அந்த ஞாயிற்றுக்கிழமையைக் கட்டுமானப் பொருள் கடையின் வண்டி நிறுத்துமிடத்தில் கழிக்கிறோம். இதை நான் வெறும் ரசனைக் குறை என்று விட்டுவிடத் தயாரில்லை.

வீட்டின் மதிப்பு கூடும் என்பது முதல் வாதம். விற்றுவிட்டுப் போகப்போவது யார்? ஊருக்குத் திரும்புவோம் என்று முப்பது ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டு, விற்கவும் விற்காமல், ஆண்டு அனுபவிக்கவும் செய்யாமல் இருப்பவர்களை நான் அறிவேன். ஒழுகும் கூரையையும் பழுதான கொதிகலனையும் யாரும் விட்டுவைக்கச் சொல்லவில்லை. அது பழுதுபார்ப்பு. நான் சண்டைக்கு இழுப்பது, பழுதே இல்லாததைப் பெயர்த்தெடுக்கும் வெறியை. வாடகை வீட்டில் வளர்ந்தவனுக்குச் சொந்தச் சுவர் என்ன பொருள் தரும் என்பதை அறியாதவனல்ல நான். அந்நிய மண்ணில் 'நான் இங்கேதான் இருக்கிறேன்' என்று சொல்ல ஒரு ரசீது வேண்டியிருக்கிறது. சுவர் அந்த ரசீது. ஆனால் இந்த நாடு நமக்கு உரியதாவது பத்திரத்தால் மட்டுமா? இங்கிலாந்திலும் வேல்ஸிலுமாக ஏறத்தாழ 2,25,000 கிலோமீட்டர் பொதுப்பாதைகள் இருக்கின்றன. அவற்றில் நடக்க அடமானக் கடன் தேவையில்லை. நம்மை அங்கே காண்பதுதான் அரிது. நம் பிள்ளைகள் இந்த நாட்டை நெடுஞ்சாலைக் கண்ணாடி வழியாக மட்டுமே பார்த்து வளர்கிறார்கள்.

மழை பெய்யுமே என்பார்கள். பெய்யும். மான்செஸ்டருக்கு வந்துவிட்டு மழையைக் குறை சொல்வது, நெய்வேலியில் குடியிருந்துகொண்டு வெயிலைக் குறை சொல்வது போன்றது. மழைச்சட்டை ஒரு சதுர மீட்டர் நல்ல டைலைவிடப் பெரிதாக ஒன்றும் விலை அதிகமில்லை.

என் குளியலறையில் மூன்று டைல்கள் பெயர்ந்து மூன்று வருடமாயிற்று. போன மாதம் வந்த நண்பர் அவற்றை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். நான் அவரிடம் மான்செஸ்டரிலிருந்து முக்கால் மணி நேரத்தில் ஈடேலில் இறக்கிவிடும் ரயிலைப் பற்றியும், அங்கிருந்து ஜேக்கப்ஸ் லேடர் வழியாக மேலேறும் பாதையைப் பற்றியும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். போகும்போது ஒரு டைல் கடையின் பெயரைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.