என்ன வேலை பாக்குற?

இழுப்பு, ஈளை, இரைப்பு, வீசிங். ஒரே நோய்க்கு நம் சேரிகளில் இத்தனை பெயர். ஆஸ்துமா என்பது மட்டும் ஆஸ்பத்திரிச் சீட்டில் ஏறுவதில்லை. இந்தியாவில் 9 இடங்களில் நடந்து 2022இல் வெளியான ஆய்வொன்று, இழுப்பு உள்ளவர்களில் 82 விழுக்காட்டினருக்கு ஆஸ்துமா என்று எந்த மருத்துவரும் சொல்லியிருக்கவில்லை என்கிறது. கடுமையாக அவதிப்படுகிறவர்களிலும் 70 விழுக்காடு இதே கதை.

ஏன்? ஆஸ்துமா வந்து வந்து போகிற நோய். ராத்திரியும் விடியக்காலையும் மிரட்டும். ஒருநாள் கூலியை விட்டுப் பத்து மணிக்கு வரிசையில் நிற்கும்போது அடங்கிக் கிடக்கும். குழாய் வைத்துப் பார்த்தால் நெஞ்சு சுத்தம். சளியில் டிபி கிருமி இல்லையென்றால் "ஒண்ணுமில்ல, போ". முட்டினால் ஓர் ஊசி. அன்றைக்கு மூச்சு வரும். நோய்க்குப் பெயர் வராது. பெயர் இல்லாததால் தினசரி இன்ஹேலரும் இல்லை. இன்ஹேலர் பழகிப்போகும், பொண்ணுக்கு வீசிங் என்றால் கல்யாணம் நிற்கும் என்கிற பயங்கள் நம்மிடமும் உண்டு. அதையும் பேசித்தான் ஆகவேண்டும்.

வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறவன் நான். பணம் எடுக்க வரும் அம்மா ஒரு வாக்கியத்தை மூன்று மூச்சில் சொல்கிறார். "வயசாயிருச்சு சார்" என்கிறார். கணக்கைத் திறந்தால் வயது 48.

இத்தாலிய மருத்துவர் ரமாசினி, தொழில்நோய்கள் பற்றி 1700இல் எழுதிய நூலில் கல்தச்சர்களின் மூச்சிரைப்பைக் குறித்துவைத்தார். நோயாளியிடம் என்ன தொழில் என்று கேட்கச் சொன்னவர் அவர். நம் நாட்டில் அந்தக் கேள்விக்குப் பஞ்சமே இல்லை. டீக்கடையில், பஸ்ஸில், வாடகை வீட்டு வாசலில் "அப்பா என்ன வேலை?" என்று கேட்பார்கள், சாதியைக் கண்டுபிடிக்க. நோயைக் கண்டுபிடிக்க வேண்டிய இடத்தில் மட்டும் வாய் திறக்காது.

கேட்டால் புதுக்கோட்டை மாவட்டம் பதில் சொல்லும்: கல் குவாரி, கிரஷர், சீமைக்கருவேல விறகடுப்பு, தெருக்கூட்டும் வேலை. 1990களின் தொடக்கத்தில், அறிவொளிக் காலத்தில், குவாரிகளைக் குத்தகைக்கு எடுத்து நடத்திக் காட்டிய பெண்கள் இந்த மண்ணின் பெண்கள். அவர்கள் விழுங்கிய தூசிக்கு யார் கணக்கு வைத்தார்கள்? கல்தூசி இரைப்பு எல்லாமே ஆஸ்துமா அல்ல. சிலருக்கு அது சிலிகோசிஸ். சட்டப்படி அரசுக்குத் தெரிவிக்கவேண்டிய தொழில்நோய். அதை டிபி என்று எழுதிவிட்டால் குவாரி முதலாளிக்குப் பொறுப்பில்லை, நட்டஈடும் இல்லை.

வேங்கைவயலில் 2022 டிசம்பரில் பிள்ளைகள் நோயில் விழுந்தார்கள். தண்ணீரைப் பாருங்கள் என்று மருத்துவர்கள் சொன்ன பிறகுதான் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்தது வெளியே வந்தது. நோய் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் என்னென்ன வெளியே வரும் என்பதற்கு அதுவே சாட்சி.

மாணவத் தோழர்களே, விடுமுறைக்குப் போகும்போது வீடுவீடாக மூன்று கேள்வி கேளுங்கள். ராத்திரி மூச்சு முட்டி எழுந்திருக்கிறீர்களா? எந்த வேலையில் கூடுகிறது? வேலைக்குப் போகாத நாளில் குறைகிறதா? பதில்களை எழுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுங்கள். ஊதவைத்து மூச்சை அளக்கும் ஸ்பைரோமெட்ரி அங்கேயே வேண்டும், விலையில்லா இன்ஹேலர் வேண்டும், சீட்டில் தொழிலை எழுத ஒரு கட்டம் வேண்டும் என்று சேர்ந்து போய்க் கேட்போம்.