'நியூயார்க்' என்று இருந்தால் போதுமா?

மகள் பிரசவத்துக்கென்று அமெரிக்கா கிளம்புகிற அம்மாக்கள் இன்று தெருவுக்கு ஒருத்தராவது இருக்கிறோம். பருப்புப் பொடியை எப்படிக் கட்டுவது, பிரசவ லேகியத்தை எதில் அடைப்பது என்று பத்து பேரிடம் விசாரிக்கிறோம். ஆனால், விமானம் எந்த ஏர்போர்ட்டில் இறங்கும் என்று மட்டும் கேட்பதில்லை. 'டிக்கெட்டெல்லாம் மாப்பிள்ளை பார்த்துப்பார்' என்று விட்டுவிடுகிறோம். இது சரியில்லை என்பது என் கருத்து.

நியூயார்க்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஊர்ப் பேர் ஒன்றுதான். பெரிய விமான நிலையங்கள் மூன்று. கென்னடியும் லகார்டியாவும் நியூயார்க் நகரத்தின் குவீன்ஸ் பகுதியில் இருக்கின்றன. மூன்றாவதான நெவார்க், ஹட்சன் ஆற்றுக்கு மேற்கே, பக்கத்து மாநிலமான நியூஜெர்சியில் இருக்கிறது. டிக்கெட் தேடும்போது 'நியூயார்க்' என்று போட்டால் மூன்றும் கலந்து வரும். விலை குறைந்ததுதான் கண்ணில் படும். லகார்டியாவில் பெரும்பாலும் உள்நாட்டு விமானங்கள்தான். எனவே, நாம் கேட்க வேண்டியது கென்னடியா, நெவார்க்கா என்பதுதான்.

நம் பிள்ளைகளில் நிறைய பேர் 'நியூயார்க்' என்று சொல்வார்களே தவிர, குடியிருப்பது நியூஜெர்சியில், எடிசன் மாதிரி ஊர்களில். நெவார்க்கிலிருந்து எடிசன் சுமார் 20 மைல். கென்னடியிலிருந்து கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. தூரத்தைவிடப் பாலங்கள்தான் பெரிய தொல்லை. வெரசானோ பாலம் ஏறி, ஸ்டேட்டன் தீவைக் கடந்து, இன்னொரு பாலமும் தாண்டணும். போய் வர சுங்கக் கட்டணம் தனி. மன்ஹாட்டன் வழியாக வரலாம் என்றால், 60-வது தெருவுக்குத் தெற்கே நுழைகிற வண்டிகளுக்கு 2025 ஜனவரியில் நெரிசல் கட்டணம் வேறு கொண்டு வந்துவிட்டார்கள்.

எங்கள் தெரு மாமி ஒருவரை, டிக்கெட்டில் 7,000 ரூபாய் மிச்சம் என்று கென்னடியில் இறங்க வைத்தார்கள். மாப்பிள்ளை அரை நாள் லீவு போட்டு அழைத்து வரப் போனார். சாயங்கால நெரிசலில் கார் நகரவே இல்லையாம். ஒன்பது மாதக் கர்ப்பிணிப் பெண் வீட்டில் தனியே! "பாலத்து மேல வண்டி நின்னப்போ, அவளுக்கு வலி எடுத்துட்டா பக்கத்துல யார் இருக்காங்கன்னு எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு" என்று மாமி இன்றைக்கும் சொல்வார். லீவு, பெட்ரோல், சுங்கம் எல்லாம் கூட்டினால் அந்த 7,000 ரூபாயில் என்ன மிஞ்சியிருக்கும்?

அதற்காக நெவார்க்தான் ஒசத்தி என்று சொல்ல வரவில்லை. நான் ஒரு சுலபக் கணக்கு வைத்திருக்கிறேன். பிள்ளைகள் வாரா வாரம் எந்தக் கோயிலுக்குப் போகிறார்கள் என்று கேட்பேன். 1977-ல் கும்பாபிஷேகம் நடந்த ஃபிளஷிங் பிள்ளையார் கோயில் என்றால் அது குவீன்ஸ்; கென்னடியே நல்லது. பிரிட்ஜ்வாட்டர் பெருமாள் கோயில் என்றால் நியூஜெர்சி, நெவார்க்கைக் கேளுங்கள். டிக்கெட்டில் கென்னடிக்கு ஜே.எஃப்.கே. என்றும், நெவார்க்குக்கு ஈ.டபிள்யூ.ஆர். என்றும் மூன்றெழுத்து இருக்கும்.

இதிலும் ஒரு விஷயம் உண்டு. நெவார்க் போக அமெரிக்காவுக்குள் வேறு ஊரில் இன்னொரு விமானம் மாறணும் என்றால் யோசியுங்கள். அமெரிக்காவில் முதலில் இறங்கும் ஊரிலேயே குடியேற்றச் சோதனை முடித்து, பெட்டிகளை நாமே எடுத்து, சுங்கம் தாண்டி, மறுபடி ஒப்படைக்கணும். முழங்கால் வலியோடு இந்தப் பாடு படுவதைவிட, கென்னடியில் இறங்கிக் காரில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து வருவது எவ்வளவோ மேல். கென்னடியில் இறங்கி நெவார்க்கில் அடுத்த விமானம் ஏறும்படி டிக்கெட் போட்டால், தயங்காமல் 'வேண்டாம்' என்று சொல்லிவிடுங்கள்.

'டிக்கெட் எடுத்துத் தர்றதே பெரிசு, இதில் நாம வேற கேள்வி கேக்கணுமா?' என்று சில தோழியர் கூச்சப்படுகிறார்கள். ஏன் கூச்சம்? நாம் ஊர் சுற்றவா போகிறோம்? போய் இறங்கிய மறுநாளே பத்தியச் சமையல், குழந்தைக்கு எண்ணெய்க் குளியல், ராத்திரிக் கண்விழிப்பு என்று ஆரம்பித்துவிடும். போகிற உடம்பு நம்முடையது. காத்திருக்கும் வயிற்றுப் பிள்ளைக்காரி நம் பெண்.

ஆகவே, பணம் கட்டும் முன்பே நாலு கேள்வி கேளுங்கள். எந்த ஏர்போர்ட்? எத்தனை இடத்தில் மாறணும்? அங்கே எத்தனை மணிக்கு இறங்கும்? அழைத்துப் போக வருகிறவர் கிளம்பினால், மகளோடு யார் இருப்பார்கள்? நடக்க முடியாதவர்கள் சக்கர நாற்காலி உதவியையும் அப்போதே பதியச் சொல்லுங்கள்.

மாப்பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. விலையை மட்டும் பார்க்காமல், 'அத்தை, உங்களுக்கு எது சௌகரியம்?' என்று டிக்கெட் எடுக்கும் முன் ஒரு போன் செய்யுங்கள். அதற்குக் காசு ஒன்றும் ஆகாது!

- ஒரு வாசகி, கும்பகோணம்.