பட்டா இல்லாதவளின் கண்மாய்

தண்ணீரைச் சேமிக்கச் சொல்லும் சுவர்ப்படம் எதையாவது பாருங்கள். இடுப்பில் குடத்தோடு ஒரு பெண் நிற்பாள். கண்மாயைத் தூர்வாருவது பற்றிப் பேசக் கூடும் கூட்டத்தில் அவள் இருக்க மாட்டாள். சிக்கனத்தை அவளிடம் கேட்பார்கள்; யோசனையைக் கேட்க மாட்டார்கள்.

சிவகாசிப் பக்கத்துக் கிராமங்களில் சாயங்காலம் பட்டாசு ஆலை வேன் வந்து நிற்கும். இறங்குகிற பெண்களின் கைகளில் அலுமினியத் தூள் நகக்கண் வரை ஏறி வெள்ளியாய் மினுங்கும். பிள்ளைக்குச் சோறு பிசையும் முன் அந்தக் கையைத் தேய்த்துக் கழுவ வேண்டும். மருந்து படிந்த சேலையைத் தனியே அலச வேண்டும். 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் கிராமத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று இலக்கு வைத்தது. அதில் இந்தக் கைக்கு எத்தனை செம்பு? குழாயில் தண்ணீர் வராத நாளில் அடிபம்புக்கு ஓட வேண்டும். ஆலையிலோ எண்ணிக்கைக்குத்தான் கூலி. காலையில் குடத்தோடு நின்று வேனைத் தவறவிட்டால் அன்றைய கூலி அவ்வளவுதான்.

அந்த அடிபம்பில் ஊறுவது பெரும்பாலும் கண்மாய்த் தண்ணீர். வடகிழக்குப் பருவத்தில் பெய்கிற நாலு மழையைத் தேக்க வெட்டியவை இந்தக் கண்மாய்கள். சீமைக்கருவேலம் மண்டித் தூர்ந்துபோனால் பாசனம் மட்டுமல்ல, ஊர்க்கிணறும் வற்றும். ஆனால் 2000ஆம் ஆண்டுப் பாசன மேலாண்மைச் சட்டப்படி, நீரைப் பயன்படுத்துவோர் சங்கத்தில் ஓட்டு நில உடைமையாளருக்கு. 2017இல் குடிமராமத்து மறுபடி வந்தபோதும் ஆயக்கட்டுதாரர்களைத்தான் கூப்பிட்டார்கள். 'நீரைப் பயன்படுத்துவோர்' என்ற பெயரைக் கவனியுங்கள்! விடிந்ததிலிருந்து அடையும்வரை பயன்படுத்துகிறவள் பெயரில் பட்டா இல்லை. 1989இலேயே இந்து வாரிசுரிமையைத் திருத்தி மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் பங்கு தந்தது தமிழ்நாடு. 'அண்ணனுக்கே இருக்கட்டும்' என்று அதை விட்டுக்கொடுத்த பெண்கள் எத்தனை பேர்! தலித் பெண்கள் பலருக்கு விட்டுக்கொடுக்கவும் நிலம் இல்லை.

சூழலியல் பேசுவோரிடமும் எனக்கு வருத்தம் உண்டு. 2017ஆம் ஆண்டு ஈரநில விதிகள், பாசனத்துக்கென்று மனிதர் வெட்டிய நீர்நிலையை ஈரநிலக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. பக்கத்து மாவட்டமான இராமநாதபுரத்தின் சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் பறவைச் சரணாலயங்கள் என்பதால் 2022இல் ராம்சார் தலங்களாக அறிவிக்கப்பட்டன. சந்தோஷம்தான். கூழைக்கடாவுக்குக் கண்மாயில் உரிமை உண்டென்று ஏற்கிறவர்கள், குடத்தோடு வருகிறவளுக்கும் உண்டென்று ஏன் பேசுவதில்லை?

'அதான் மகளிர் குழு இருக்கே' என்பார்கள். கோலம் போட்டு விழிப்புணர்வு ஊட்டக் குழுவை அழைப்பார்கள். மடை திறக்கும் நாளை முடிவுசெய்ய அழைத்ததுண்டா?

2021இல் சிவகாசி மாநகராட்சியாகிவிட்டது. ஊர் பெருக்கப் பெருக்கத் தண்ணீர்த் தேவையும் பெருகும். அதற்குள் சட்டத்தைத் திருத்த வேண்டும். கண்மாய் ஊற்றை நம்பியிருக்கும் வீட்டுப் பெண்களுக்கு, நிலம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், சங்கத்தில் ஓட்டு வேண்டும். குடிநீருக்கென்று ஒரு பங்கு தண்ணீரை மடைக்குக் கீழே கோடைவரை விட்டுவைக்க வேண்டும். கை கழுவி உடை மாற்றிவிட்டு வீடு திரும்ப ஆலையிலேயே, முதலாளி செலவில், தண்ணீர் வேண்டும்.

கூட்டத்தை மட்டும் ஞாயிற்றுக்கிழமை வையுங்கள். மற்ற நாட்களில் பெண்கள் வேனில் போய்விடுவார்கள்.